அமிலம் முதலில், மூளை அப்புறம்

எலியின் மூளை சுமார் 2 கிராம் இருக்கும். பெரிய அரைநெல்லிக்காய் அளவு. அதை எடுத்தவுடன் நடுவில் இரண்டாக வகுந்து, ஒரு பாதியை அன்றைய வேலைக்கு வைத்துக்கொண்டு, மறுபாதியை மைனஸ் 80 டிகிரிப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எனக்கு மூத்தவர் சொல்லிக்கொடுத்த பழக்கம் இது. காரணம் கேட்டபோது, "ஒரு நாள் தேவைப்படும்மா" என்று மட்டும் சொன்னார். 2024 அக்டோபரில் அந்த நாள் வந்தது. அன்று அந்தப் பாதிகள் இல்லாமல் போயிருந்தால், இன்னும் 24 எலிகளைக் கொன்றிருப்போம்.

வேலை இதுதான். டெமோசோலமைடு என்ற மருந்தை எலிக்கு வாய்வழி கொடுத்து, குறித்த நேரங்களில் அது ரத்தத்தில் எவ்வளவு, மூளையில் எவ்வளவு என்று அளக்க வேண்டும். மூளையில் வரும் கிளையோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க்குக் கொடுக்கும் முக்கியமான மருந்து இது. கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுக்க 2005இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர் பெரும்பாலான புற்றுநோய் மருந்துகளை உள்ளே விடாது. செல்களுக்கு நடுவே இடுக்கே இல்லாமல் தைத்து மூடியிருக்கும். தப்பித் தவறி நுழைந்ததையும் பிடித்து வெளியே தள்ளும் பம்புகள் வேறு. டெமோசோலமைடு சின்ன மூலக்கூறு, எடை 194தான், அதனால் ஓரளவு போய்ச் சேர்கிறது. மனிதர்களில் ரத்தத்தில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மூளைத் தண்டுவட நீரில் கிடைக்கும். தம்பி என்று நான் கூப்பிடும் எங்கள் ஆராய்ச்சி மாணவரின் திட்டம், இதே மருந்தைக் கொழுப்புத் துகளுக்குள் அடைத்துக் கொடுத்தால் மூளைக்கு இன்னும் கூடுதலாகப் போகுமா என்று பார்ப்பது. அதற்கு முன்னால் சாதாரண மருந்தின் கணக்கு சரியாகத் தெரிய வேண்டும். புதுச்சேரியில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் அளக்கும் பொறுப்பு என்னுடையது. எலிகளைப் பார்த்துக்கொள்வதும், மருந்து கொடுப்பதும், நெறிமுறைக் குழுவிடம் பதில் சொல்வதும் தம்பியின் வேலை.

இந்த மருந்திடம் ஒரு குணம் உண்டு. புளிப்பில் உயிரோடு இருக்கும், காரத்தில் உடைந்துவிடும். பிஎச் 5க்குக் கீழே பத்திரம். 7ஐத் தாண்டினால் தானாகவே உடைந்து எம்டிஐசி என்ற பொருளாகும், அதுவும் சில நிமிடங்களில் உடைந்துவிடும். உடலுக்குள் இது நடக்கத்தான் வேண்டும், உடைந்து வரும் துண்டுதான் புற்றுச் செல்லின் டிஎன்ஏவைத் தாக்குகிறது. ரத்தத்தின் பிஎச் 7.4, சூடு 37 டிகிரி. அங்கே இரண்டு மணி நேரத்துக்குள் பாதி மருந்து போய்விடும். அளக்கிறவருக்கு இது பெரிய தொல்லை. உடலில் நடக்கிற அதே உடைப்பு சோதனைக் குழாயிலும் நடந்துகொண்டே இருக்கும், நாம் நிறுத்தும்வரை.

ரத்தத்தில் இதை எப்படி நிறுத்துவது என்று எல்லோருக்கும் தெரியும். ரத்தம் உறையாமல் இருக்க ஈடிடிஏ குழாயில் எடுத்து, ஐஸில் நட்டு, குளிர்ந்த சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் கலக்கினால் முடிந்தது. பிரிப்பதற்கு முன்னால் முழு ரத்தத்தில் அமிலம் விடக்கூடாது, செல்கள் உடைந்து எல்லாம் பழுப்பாகிவிடும். பழைய சாலி முறையில் ஹீமோகுளோபின் பார்த்தவர்களுக்கு அந்தப் பழுப்பு நிறம் நன்றாகத் தெரியும். பிளாஸ்மா விஷயத்தில் நாங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. மூளையில்தான் செய்தோம்.

செப்டம்பரில் முதல் சுற்று. 15 நிமிடம், அரை மணி, 1, 2, 4, 8 மணி நேரம் என்று ஆறு நேரம், நேரத்துக்கு நாலு எலி. அரை மூளை ஒவ்வொன்றையும் நாலு பங்கு பாஸ்பேட் பஃபரில் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்), பிஎச் 7.4, ஹோமோஜெனைசரில் கூழாக்கினோம். ஒன்றை முடித்து, கருவியின் முனையைக் கழுவித் துடைத்து அடுத்ததற்குப் போக ஐந்து நிமிடம் ஆகும். 24 மூளைக்கு இரண்டு மணி நேரம். எல்லாம் கூழான பிறகுதான் ஒன்றாக அமிலம் விட்டு, ஒப்பிட்டுப் பார்க்கத் தியோஃபிலின் என்ற இன்னொரு பொருளைச் சேர்த்து, எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பானால் மருந்தைப் பிரித்தோம். அன்று ஐஸ் தட்டும் மெஷின் ரிப்பேர். கூழ்க் குழாய்கள் மேஜைமேல் ஸ்டாண்டில் நின்றன. அறையில் 30 டிகிரி.

கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் ஓட்டி வந்த அளவுகள், ஒரு கிராம் மூளைக்கு மைக்ரோகிராமில்: 15 நிமிடத்தில் 4.2, அரை மணியில் 5.5, ஒரு மணியில் 5.4, இரண்டு மணியில் 3.7, நாலு மணியில் 1.5. படம் வரைந்தால் மெதுவாக ஏறி, அரை மணியிலிருந்து ஒரு மணிவரை மேடாக நின்று, அப்புறம் இறங்குகிறது. தம்பிக்கு ஒரே சந்தோஷம். "அக்கா, மெதுவாத்தான் உள்ள போகுது, ஆனா போனா நிக்குது பாருங்க" என்றார். அதற்கு என்ன காரணம் எழுதலாம் என்று அன்று மாலையே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு ஒரு எண் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மருந்தில்லாத எலி மூளைக் கூழில் நாமே தெரிந்த அளவு மருந்தைப் போட்டு வைக்கும் சோதனைக் குழாய்களை க்யூசி என்போம். வேலை தொடங்கும்போது மூன்றும், முடியும்போது மூன்றும் போட்டிருந்தேன். கடைசி மூன்றும் போட்டதில் 98 சதவீதம் காட்டின. முதல் மூன்றும் 71. 15 சதவீதத்துக்குமேல் விலகினால் ஏற்க முடியாது, இது எல்லா நாட்டு விதியிலும் உள்ளதுதான். முதலில் பைப்பெட்டைச் சந்தேகப்பட்டேன். தண்ணீரை எடுத்துத் தராசில் நிறுத்துப் பார்த்தேன், பைப்பெட் சரியாக இருந்தது. மறுபடி புதிதாகக் கரைசல் செய்து பார்த்தேன், அதுவும் சரி. முதல் மூன்றுக்கும் கடைசி மூன்றுக்கும் இருந்த ஒரே வித்தியாசம், மேஜைமேல் காத்திருந்த நேரம்.

தியோஃபிலின் எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். உள் அளவுகோலாக எல்லாக் குழாயிலும் ஒரே அளவு சேர்க்கிறோம். பிரித்தெடுக்கும்போது கொஞ்சம் சிந்தினாலும், ஊசியில் கொஞ்சம் குறைந்தாலும் மருந்தும் அதுவும் சேர்ந்தே குறையும், விகிதம் மாறாது. நாங்கள் மருந்தை 330 நானோமீட்டரிலும் தியோஃபிலினை 272லும் பார்க்கிறோம், ஏனென்றால் 330இல் தியோஃபிலின் கண்ணுக்கே தெரியாது. ஆனால் இரண்டு மணி நேரம் மருந்து உடைந்த பிறகு தியோஃபிலினைச் சேர்த்தால், நடந்த இழப்பை அது எப்படிச் சொல்லும்? முதலிலேயே சேர்த்திருந்தாலும் பயனில்லை, தியோஃபிலின் காரத்தில் உடையாது. மருந்து கரைவதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தபடி தான் மட்டும் முழுசாக இருக்கும். பல நாள் இதைக் காவல்காரன் மாதிரி நம்பியிருந்தேன். அதன் காவல் எங்கே தொடங்குகிறது என்று அன்றுதான் யோசித்தேன்.

சந்தேகத்தைச் சோதிக்க மூளை வேண்டும். மருந்தில்லாத எலி மூளை நாலே நாலு மிச்சம் இருந்தது, அதைக் கை பழகச் செலவழிக்க மனம் வரவில்லை. காலையில் பெரிய மார்க்கெட்டில் கறிக்கடைக்குப் போனேன்.

"பாய், மூளை ஒண்ணு வேணும். எப்ப வெட்டினது?"

"அஞ்சு மணிக்கும்மா. வறுவலுக்கா? மிளகு தூக்கலா போடுங்க."

ஐஸ் வைத்த டப்பாவில் கொண்டு வந்தேன். மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை உரித்து, உப்பு நீரில் ரத்தம் போக அலசி, ஐந்து ஐந்து கிராமாக வெட்டி வைத்தேன். கூழில் மருந்தைப் போட்டு, 0, 30, 60, 120 நிமிடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உடனே அமிலத்தில் விட்டேன். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு 89 சதவீதம் மிச்சம். 11 சதவீதம்தான் போயிருக்கிறது. க்யூசியில் 98க்கும் 71க்கும் நடுவே இருந்த 27 எங்கே, இந்த 11 எங்கே? என் ஊகம் தப்போ என்று ஒரு நாள் முழுக்கச் சோர்ந்து கிடந்தேன்.

மறுநாள் அதே கூழில் பிஎச் மீட்டரை வைத்துப் பார்த்தேன். 6.9. பஃபர் 7.4தான், ஆனால் வெட்டி சில மணி நேரம் ஆன மூளையில் லாக்டிக் அமிலம் சேர்ந்திருக்கும், பஃபரையே கொஞ்சம் இழுத்துவிட்டது. பார்க்க அரை எண்தான், ஆனால் இந்த மருந்துக்கு அது மூன்று மடங்கு வித்தியாசம். ஆட்டு மூளை பொய் சொல்லவில்லை, அதன் பிஎச்சுக்கு ஏற்ற பதிலைத்தான் சொன்னது. அப்புறம்தான் எலி மூளையில் ஒன்றை எடுத்தேன். 30 டிகிரி, பிஎச் 7.4: அரை மணியில் 92, ஒரு மணியில் 84, இரண்டு மணியில் 71. அந்த 71ஐப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். செப்டம்பரில் முதல் க்யூசி காட்டிய அதே எண்.

இதன் பொருள் என்ன என்று தம்பிக்குக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். மூளைகளை நேர வரிசையிலேயே கூழாக்கியிருக்கிறோம். 15 நிமிட எலியின் மூளை முதலில், 8 மணி எலியினுடையது கடைசியில். ஆகவே 15 நிமிட மூளை மேஜையில் இரண்டு மணி நேரம் காத்திருந்து கால் பங்குக்கு மேல் இழந்தது. 8 மணி மூளை ஒன்றும் இழக்கவில்லை. வளைவின் முன்பக்கம் மழுங்கி, பின்பக்கம் அப்படியே நின்றது. "மெதுவாகப் போய் நிற்கிறது" என்று நாங்கள் பார்த்தது மருந்தின் குணமே இல்லை, ஹோமோஜெனைசர் வரிசையின் குணம். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மறுபாதி இருக்கு இல்லக்கா?" என்றார். இருந்தது.

சரி, எப்படிச் சரிசெய்தோம் என்பதற்கு வருகிறேன். பஃபரை எடுத்துவிட்டு 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நேரடியாகக் கூழாக்குவது என்று முடிவு செய்தோம். மருந்துக்குக் காத்திருக்கும் நேரமே இருக்கக்கூடாது. முதல் முயற்சியில் அரை மூளையைக் குழாயில் போட்டுவிட்டு மேலே அமிலம் ஊற்றினேன். மூளையின் வெளிப்பக்கம் உடனே வெந்த முட்டை மாதிரி வெளுத்து இறுகியது. ஹோமோஜெனைசர் முனை அதைச் சுழற்றி எறிந்ததே தவிர அரைக்கவில்லை. கட்டி கட்டியாக நின்றது. உள்ளே இருக்கும் மருந்து எப்படி வெளியே வரும்?

இரண்டு மூன்று தடவை தவறிய பிறகு இப்படிச் சரியாக வந்தது. குழாயில் அமிலத்தை முதலில் ஊற்றி ஐஸில் நட்டு வைக்க வேண்டும். மூளையை மைனஸ் 80இலிருந்து உறைந்தபடியே எடுத்து, முன்பே குளிரவைத்த தட்டில் எடை போட்டு, உருகத் தொடங்கும் முன் அமிலத்தில் போட வேண்டும். தராசில் ஈரம் படிந்து எடை ஏறும், நம்மூர்க் காற்றில் அது கண் முன்னாலேயே நடக்கும், அதனால் பத்து விநாடிக்குள் எண்ணைக் குறித்துவிட வேண்டும். ஹோமோஜெனைசர் முனையை ஓடவிட்டபடியே குழாயில் இறக்க வேண்டும், இறக்கிவிட்டு ஓடவிட்டால் பழைய கதைதான். பத்து விநாடி அரைப்பு, இருபது விநாடி ஐஸில் ஓய்வு, இப்படி மூன்று முறை. தொடர்ந்து ஓடினால் முனை சூடாகிக் குழாயைத் தொட்டாலே தெரியும். கடைசியில் கிடைப்பது திரிந்த பால் மாதிரி இருக்கும், ஆனால் கட்டி இருக்காது. பிஎச் தாளில் தொட்டால் 2க்குப் பக்கம் காட்டும். இதே கூழை இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தேன், 99 சதவீதம் அப்படியே இருந்தது.

ஐஸ் மெஷின் சரியாக இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துப் பக்கம் மீன் படகுகளுக்கு ஐஸ் போடும் இடத்தில் ஒரு பார் வாங்கி, சாக்கில் சுற்றி, மரக்கட்டையால் உடைத்துத் தெர்மோகோல் பெட்டியில் நிரப்பினோம். அந்த ஐஸ் கட்டி பெரிதாக, கெட்டியாக இருப்பதால் மதியம்வரை தாங்கியது. மெஷின் தரும் பொடி ஐஸைவிட நன்றாகவே இருந்தது.

மூளையில் ஒட்டியிருக்கும் ரத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூளையில் சுமார் 2 சதவீதம் ரத்தம் இருக்கும். அரை மணியில் ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் 18 மைக்ரோகிராம் இருந்தால், ஒரு கிராம் மூளையில் ரத்தமாக மட்டுமே அதிகபட்சம் 0.36 வரும். மூளையின் அளவு 7 என்றால் இது பெரிய பிழை இல்லை. ஆனால் மெத்தோட்ரெக்சேட் மாதிரி மூளைக்குள் அரிதாகவே நுழையும் மருந்தில், "மூளையில் கண்டுபிடித்தோம்" என்று சொல்லும் முழு எண்ணும் இந்த ரத்தமாகவே இருக்கலாம். அதனால் எந்த மருந்தாக இருந்தாலும் குளிர்ந்த உப்பு நீரை இதயம் வழியாகச் செலுத்தி, வெளியே வரும் நீர் தெளியும்வரை ரத்தத்தைக் கழுவிய பிறகே மூளையை எடுக்கிறோம். இதையும் இழுத்துக்கொண்டே போகக்கூடாது, கழுவுகிற நீரோடு மருந்தும் வெளியேறத் தொடங்கும்.

நவம்பர் முதல் வாரத்தில் மறுபாதிகளை ஓட்டினோம். இந்த முறை வரிசையைச் சீட்டுக் குலுக்கிப் போட்டோம், ஏதாவது நழுவினாலும் ஒரே நேரத்து எலிகளையே அடிக்கக்கூடாது என்பதற்காக. பதினேழாவது மூளையில் எச்பிஎல்சியின் அழுத்தம் 110 பாரிலிருந்து 230க்கு ஏறியிருந்தது. டிடெக்டர் பக்கமிருந்து ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிக்கொண்டே வந்தேன். மருந்தைப் பிரிக்கும் சி18 குழலைக் கழற்றியும் அழுத்தம் குறையவில்லை. அதற்கு முன்னால் இருக்கும் சின்னக் காப்புக் குழலைக் கழற்றியதும் சடாரென்று இறங்கியது. அதன் வாயில் மஞ்சளாகப் பசை மாதிரி மூளைக் கொழுப்பு. காப்புக் குழலை மாற்றினேன். மிச்ச மாதிரிகளை, கடைசியாக 0.5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்த பிறகு ஹெக்சேன் ஊற்றிக் குலுக்கி, மேலே ஏறும் கொழுப்பை எடுத்துவிட்டு, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து ஊசியில் ஏற்றினேன். ஹெக்சேனுக்குள் இந்த மருந்து போகாது, அதையும் தனியாக ஓட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

எண்கள் வந்தன: 15 நிமிடத்தில் 5.7, அரை மணியில் 7.2, ஒரு மணியில் 6.6, இரண்டு மணியில் 4.3, நாலு மணியில் 1.6. மேடு இல்லை. மருந்து வேகமாக ஏறுகிறது, அரை மணியில் உச்சிக்குப் போகிறது, பிளாஸ்மாவைப் பின்தொடர்ந்தே இறங்குகிறது. அரை மணியில் பிளாஸ்மாவில் 18, மூளையில் 7.2, விகிதம் 0.4. முன்னும் பின்னும் நடுவிலுமாகப் போட்ட ஒன்பது க்யூசியும் 95க்கும் 102க்கும் நடுவில் இருந்தன. நாலு மணிக்குப் பிறகு பழைய எண்ணுக்கும் புதியதற்கும் வித்தியாசமே இல்லை என்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. காத்திருக்காத மூளை அப்போதும் சரியாகத்தான் சொல்லியிருந்தது.

நவம்பர் 30 பெஞ்சல் புயல். மின்சாரம் போய், தண்ணீர் ஏறி, ஜெனரேட்டரும் நின்றது. மைனஸ் 80 பெட்டி 6 டிகிரிக்கு வந்திருந்தது. வேறு திட்டத்துக்காக அமிலம் போடாமல் வைத்திருந்த முழுத் திசுக்களை எல்லாம் ஒதுக்கிவிட்டோம், அவற்றிலிருந்து எந்த எண்ணையும் இனி எடுக்க முடியாது. அமிலம் போட்டு வைத்த பிளாஸ்மாவில் ஆறு குழாயை மறுபடி ஓட்டினேன். பழைய அளவிலிருந்து 2 சதவீதத்துக்குமேல் எதுவும் விலகவில்லை.

ஜனவரியிலிருந்து கொழுப்புத் துகள் சுற்று நடக்கிறது. குறிப்பேட்டில் ஒவ்வொரு குழாய்க்கும் எதிரே இரண்டு கட்டம் சேர்த்திருக்கிறோம்: மூளை வெளியே எடுத்த மணி, அமிலத்தில் விழுந்த மணி. தம்பிதான் கட்டம் போட்டார். நேற்றைய பக்கத்தில் இரண்டுக்கும் நடுவே இருந்த அதிகபட்ச இடைவெளி 50 விநாடி.